நெல்லூர் டிரைவரின் குண்டான்

தென் ராஜ்யங்கள் நான்கும் அரிசிக்கு ஒரே மண்டலமாக இருந்தவரை, நெல்லூர் அரிசி தடையில்லாமல் செஞ்சிக்கு வந்தது. நான் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். வாரந்தோறும் லாரி கொண்டுவரும் டிரைவருக்கு ஒட்டிய கன்னம், பெரிய மீசை. லோடு இறங்கியதும் கோட்டை மதிலோரம் கல் கூட்டி, அலுமினியக் குண்டானில் இரண்டு பேருக்குச் சோறு வடிப்பார். தனியாகச் சாப்பிடமாட்டார். இரண்டாவது ஆள் பெரும்பாலும் நான்தான்.

பிறகு சர்க்காரில் அந்த மண்டலத்தைக் கலைத்தார்கள். ராஜ்யம் விட்டு ராஜ்யம் அரிசி போகக் கூடாது என்றார்கள். அடுத்த வாரம் அவர் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, ஏற்றிப்போக வெறும் லாரியோடு வந்தார். அடுப்பு மூட்டவில்லை.

“இன்னா டிரைவரே, உலை வைக்கல?”

“செக்போஸ்ட்ல சமையல் அரிசியயும் புடுங்கிக்கினாங்க. லாரி லாரியா கொண்டாந்தவன், இன்னிக்கி ஒரு படிக்குத் திருடன்.” மலையைப் பார்த்துச் சிரித்தார். “உங்க கோட்டை தொறந்து கெடக்குது. ரோட்டுக்குக் கதவு போட்டுட்டாங்க!”

என்னிடம் ஒருவருக்கான கேழ்வரகுக் கூழ்தான் இருந்தது. பாதி கொடுத்தேன். குடித்துவிட்டுத் தன் குண்டானை என் பக்கம் தள்ளினார்.

“முதலாளி இனிமே இந்தப் பக்கம் லாரி அனுப்பமாட்டாரு. நீயே வச்சிக்க.”

அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. அதன்பின் எத்தனையோ ஊர்களில் அந்தக் குண்டானில் பொங்கித் தின்றிருக்கிறேன். ஒருவருக்கு மட்டும் அரிசி போட இன்னும் கை பழகவில்லை.