ஒரு கல் பாக்கி

போனில் இலவசமாகக் கிடைத்த, பந்தால் சுவரின் கற்களை உடைக்கும் விளையாட்டை இறக்கினேன். பந்து சுவரில் பட்ட 'டிக்' சத்தம் என்னை மலைமேலிருந்த நாகலூர் எஸ்டேட்டுக்கு இழுத்துப் போய்விட்டது.

அப்பா அங்கே கணக்கெழுதும் ரைட்டர். சேலத்தில் அவர் வாங்கிவந்த குட்டி வீடியோ கேமை அம்மாதான் கீழே வைக்கமாட்டாள். ஒரே கல் மிச்சமிருக்கையில் பேட்டரி செல் தீர்ந்துவிடும். வெயிலில் வைத்தால் கொஞ்சம் உயிர் வரும். மூடுபனியில் வெயிலுக்கு எங்கே போவது?

"ஏனுங்க, நீங்களே சூடு பண்ணிக் குடுங்க!"

அப்பா செல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கையைத் தூக்காமலே, வேலைக்கு வந்த ஆட்களின் பேர் எழுதப் போவார். மத்தியானம் வந்து மாட்டினால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும்.

"அட, முழுச் செவுரும் எந்திரிச்சிருச்சுங்க!" அம்மா சிரிப்பாள். மறுநாளும் அதே கூத்து.

இப்போது இருவரும் இல்லை. என் போனில் ஒரே கல் பாக்கி. கடைசிப் பந்தை வேண்டுமென்றே கீழே விட்டேன்.

முழுச் சுவரும் எழுந்தது.