சவரி தூக்கி வந்த டேப்

தருமபுரியிலிருந்து மொரப்பூர் போகும் பஸ்ஸில் சவரி ஒருநாளும் ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்ததில்லை. சீட்டு காலியாகக் கிடந்தாலும் படிக்கட்டுப் பக்கத்துக் கம்பியைப் பிடித்து நின்றபடிதான் வருவார். கையில் ஒரு சின்ன டப்பா. அதைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருப்பார்.

"ஏண்ணே, ஸ்பீக்கர் உங்களக் கடிச்சிருமா?" என்பார் கண்டக்டர்.

"என்னைக் கடிச்சாப் பரவால்ல. கம்பெனியக் கடிச்சிரும்."

டப்பாவுக்குள் இருந்தது டேப். பாட்டு டேப் இல்லை, கம்ப்யூட்டர் டேப். நல்லம்பள்ளிப் பக்கத்து மாம்பழக்கூழ் கம்பெனியில் சவரி ஆபீஸ் அட்டெண்டர். பெரிய கம்பெனி. நான்கு ஆலைகள். சீசனில் பழம் வெட்ட வரும் பெண்களே ஆயிரம் பேருக்கு மேல். இத்தனைக்குமான கணக்கு ஆபீஸின் பின்னறைச் சர்வர்களில் இருந்தது. அந்த அறையில் தீப்பிடித்தால் எல்லாம் போய்விடும் என்பதால் தினமும் சாயங்காலம் டேப்பில் ஒரு நகல் எடுப்பார்கள். நகல் அதே கட்டடத்தில் இருக்கக் கூடாது. சவரியின் வீடு தூரம். அவர் குடிக்காதவர், லீவு போடாதவர். அதனால் டேப் அவரோடு மொரப்பூருக்குப் போனது. மறுநாள் காலை ஆபீஸுக்குத் திரும்பியது. வருடக் கடைசி டேப் மட்டும் திரும்பாது. அவர் வீட்டு இரும்புப் பெட்டியிலேயே தங்கிவிடும்.

இந்த வேலையைக் கொடுத்த அன்று சிஸ்டம் மேனேஜர் சந்திரமோகன் ஒன்றுதான் சொன்னார். "காந்தம் கிட்ட வெச்சிராதீங்க. உள்ள இருக்கறது அழிஞ்சிரும்."

காந்தம் எதிலெல்லாம் இருக்கிறது என்று சவரி தம்பி ஆண்டனியிடம் கேட்டார். ஆண்டனிக்கு மைக் செட் தொழில். ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தத்தைக் கழற்றியே காட்டினான்.

அதோடு வீட்டின் ஏற்பாடு மாறியது. மாதா சுரூபத்துக்குக் கீழே, வெயில் படாத மூலை இரும்புப் பெட்டிக்கு. டிவி அடுப்படிக்குப் போனது. மனைவி பாக்கியமேரி தாளிக்கும் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சீரியல் பார்த்தாள். விசேஷம் என்றால் வீட்டில் பாட்டு கிடையாது. ஒரே மகள் பிளசி கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்று சாப்பிடுகிறவர்கள் மெல்லும் சத்தம்தான் கேட்டது.

"மைக் செட்காரன் வூட்டு விசேஷத்துல பாட்டு இல்லன்னா ஊரே சிரிக்குதுண்ணா," என்றான் ஆண்டனி.

"சிரிச்சிட்டுப் போகட்டும்டா. கம்பெனி நம்ம வூட்ல தூங்குது."

பிளசி கம்ப்யூட்டர் படித்துப் பெங்களூரில் வேலைக்குப் போனாள். கம்பெனிகளின் கணக்குகளைக் கிளவுடுக்கு மாற்றித் தரும் வேலை. அவள் கல்யாணத்துக்கு ஆண்டனி யாரையும் கேட்கவில்லை. ஆள் உயர ஸ்பீக்கர் பாக்ஸ்களை வண்டியில் ஏற்றி வந்து வாசலில் இறக்கினான்.

"ஒத்தப் பொண்ணு. ஊமைக் கல்யாணமா பண்ணப் போற?"

சவரி மகளைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"சரி, வெய்யி," என்றார்.

இரும்புப் பெட்டியைக் கம்பளியில் சுற்றிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் வைத்தார். இரண்டு நாள் பாட்டு. இரண்டாம் நாள் சவரியும் நாலு அடி ஆடினார் என்று சொல்பவர்கள் உண்டு.

அந்த வருடமே கம்பெனி கிளவுடுக்கு மாற முடிவு செய்தது. எல்லோரையும் கூப்பிட்டு வைத்து விளக்கினார்கள். இனி சர்வர்கள் இங்கே இருக்காது. கணக்கெல்லாம் வேறு ஊர்களில் இருக்கும் பெரிய கூடங்களில், வாடகைக்கு எடுத்த இடத்தில் இருக்கும். நகல் தானாகவே இன்னொரு ஊருக்குப் போய்விடும்.

"கிளவுடுன்னா மழ பேஞ்சா கரைஞ்சிருமா சார்?" என்று ஸ்டோர்ஸ்காரர் ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது.

சவரி சிரிக்கவில்லை. "அப்ப டேப்பு?" என்றார்.

"இனிமே தேவையில்லீங்க."

அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் செய்தார்.

"நீங்க தூக்கினு வந்தத இனிமே ஒயரு தூக்கினு போகும்பா. உங்களுக்கு ரெஸ்ட்டு," என்றாள் பிளசி. அவருக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

சர்வரில் இருந்தவை சிக்கலில்லாமல் போய்ச் சேர்ந்தன. பழைய வருடங்கள் மட்டும் பாக்கி. இடம் போதாமல் அவற்றைச் சர்வரிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். டேப்பில் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியம். சந்திரமோகன் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். சவரி முதல் முறையாக பஸ்ஸை நம்பாமல் கார் வைத்துக்கொண்டு போனார்.

டேப்களை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். மிகப் பழையவை திறந்தன. கடைசி ஆறு வருடம் காலி. சந்திரமோகன் எடுத்து எடுத்துப் போட்டுப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்க சவரி."

சவரிக்கு அந்த இரண்டு நாள் பாட்டும் காதுக்குள் கேட்டது. வெளியே வந்துவிட்டார்.

சீசன் பெண்களின் வருகைக் கணக்கும் அந்த ஆறு வருடத்தில் இருந்தது. பழம் வெட்டும் குல்ஷன், நிரந்தர வேலைக்கு எழுதிப்போடப் பழைய சீசன்களுக்குச் சான்று கேட்டு வந்தாள். இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டியருகே சவரியிடம் கையை விரித்துக் காட்டிச் சிரித்தாள்.

"இந்தக் கைல இருக்கற வெட்டெல்லாம் எங்கண்ணே வாங்குனேன்? கம்ப்யூட்டரு நான் வரவே இல்லைங்குது."

அவரால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. பாக்கியமேரி கேட்டதற்கு வாய்வு என்றார். அடுத்து பிளசி ஊருக்கு வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"நாந்தான் கண்ணு அழிச்சேன். உன் கல்யாணப் பாட்டுல எல்லாம் போயிருச்சு."

பிளசி மறுநாளே ஆபீஸுக்குப் போனாள். சந்திரமோகனோடு உட்கார்ந்து டேப்களைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அழிஞ்சிருந்தா தேதியும் சேந்து போயிருக்கும்பா. தேதி இருக்குது, ஃபோல்டர் பேரு இருக்குது. உள்ளதான் ஒண்ணுமில்ல. ஆறு வருசத்துக்கு முன்ன சாஃப்ட்வேர் மாத்துனாங்க இல்ல, அப்ப கணக்கு சர்வர்லயே வேற எடத்துக்குப் போயிருச்சு. டேப்பு பழைய எடத்தையே நகல் எடுத்துனு இருந்திருக்குது. யாரும் தெறந்து பாக்கல. நீங்க அழிக்கல. ஸ்பீக்கரும் அழிக்கல."

சவரி அதை மெல்ல மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

"அப்ப கல்யாணத்துக்கு முன்னயே காலியா?"

"ஆமாம்பா."

"தெனம் எடுத்துனு வந்ததும்?"

"ஆமா."

"எங்கம்மா செத்த அன்னிக்கு, டேப்பக் குடுத்துட்டு வந்துதான் குழிக்குப் போனேன். மூஞ்சி பாக்கல. மூடிட்டாங்க. அன்னிக்கும் காலியத்தான் தூக்கினு போனனா?"

பிளசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல," என்றார் சவரி. "இருந்துச்சு. நாந்தான் பாட்டப் போட்டு அழிச்சேன். நீ எனக்காகச் சொல்ற."

அதற்குப் பிறகு அவரை அசைக்க முடியவில்லை. ஒரு டேப்பை ஸ்பீக்கருக்கு அருகில் வைத்து, பிறகு ஓட்டிக் காட்டலாம் என்று பிளசி நினைத்தாள். ஆபீஸுக்குப் போன் செய்தாள். டேப் ஓட்டும் மிஷினை அதற்குள் சர்வர்களோடு சேர்த்துப் பழைய சாமானுக்குப் போட்டுவிட்டார்கள். கிளவுடு வந்த பிறகு அது எதற்கு.

நெஞ்சு வலி என்று சவரி படுத்த பிறகு சந்திரமோகன் மொரப்பூருக்கு வந்தார். கட்டில் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"தப்பு என்னுதுங்க சவரி. ஒரு டேப்பையாவது நான் திருப்பிப் போட்டுப் பாத்திருக்கணும். பாக்கல."

"டீ குடிங்க சார். ஆறிரும்."

"நெசமாத்தான் சொல்றேன். காலிதான் இருந்துச்சு."

"நீங்க நல்லவருங்க சார். அதான் உங்க தலைல போட்டுக்கறீங்க." சவரி அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "உள்ள இருந்துச்சுங்க. தூக்குன எனக்குத் தெரியாதா அந்தக் கனம்?"

கனத்தில் வித்தியாசம் இருக்காது. கதவோரம் நின்ற பிளசிக்கு அது தெரியும். சந்திரமோகனுக்கும் தெரியும். அவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சவரி பாதி நினைவில் இருந்தார். கண் திறக்கும்போதெல்லாம் அதையேதான் கேட்டார்.

"இருந்துச்சு இல்ல?"

பிளசி குனிந்தாள். ஒரு டேட்டா இருக்கிறதா இல்லையா என்று சரியாகச் சொல்வதுதான் அவள் பிழைப்பு.

"ஆமாம்பா. எல்லாம் இருந்துச்சு. அன்னிக்குப் பாட்டுலதான் அழிஞ்சிருச்சு."

சவரியின் முகம் தளர்ந்தது. பல மாதமாக அதில் இருந்த இறுக்கம் அப்போதுதான் விட்டது.

"அதான் சொன்னேன்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆண்டனிய ஒண்ணும் கேக்காதீங்க. வெக்கச் சொன்னது நானு," என்றார்.

மறுநாள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் அன்று ஆண்டனி அறை வாசலில்தான் நின்றிருந்தான். பிளசி சொன்னது முழுதும் அவன் காதில் விழுந்திருந்தது. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில், கூட்டத்தை முன்னே விட்டுவிட்டு, பிளசி சித்தப்பாவோடு நடந்தாள். தேதி இருந்தது, ஃபோல்டர் பேர் இருந்தது, உள்ளே மட்டும் ஒன்றும் இல்லை என்று ஆரம்பத்திலிருந்து சொன்னாள். ஆஸ்பத்திரியில் பேசியது அப்பாவுக்காக என்றும் சொன்னாள்.

ஆண்டனி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தான். முடிந்ததும் அவள் தலையைத் தடவினான்.

"என்னைத் தேத்தறதுக்கு இவ்ளோ யோசிச்சியா கண்ணு," என்றான்.