கஞ்சி காயுமுன் கலவை வந்தது: ஆரணிப் பாலத்தில் மாட்டிய கதை

ஆரணிக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போகிறீர்களா? முதலில் பாலம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டில்லை, பட்டவன் சொல்கிறேன்.

2003 வாக்கில், ஓர் ஆவணி மாதம். தம்பிக்கு நிச்சயதார்த்தம், எங்கள் வீட்டில்தான். மாலை ஆறு மணிக்குத் தட்டு மாற்றும்போது கூறைப்புடவை தட்டில் இருந்தே ஆகவேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. சொல்லி நெய்த புடவை ஆரணியில் நெசவாளர் குமரேசன் வீட்டில் தயார். வந்தவாசியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம். காலை எட்டு மணிக்கு பஸ் ஏறினேன். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்கு. நல்ல கணக்கு!

ஊருக்குச் சற்று முன்னால் பஸ் நின்றது. பழைய பாலத்தின் மேல்தளத்தை உடைத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்களாம்.

"ஒரு மாசமா இதே பேஜார்தான் சார். சுத்திகினு போனா ஒரு மணி நேரம் ஆவும். எறங்கி ஆத்து மணல்ல நடந்துடுங்க, ஜல்தியா பூடலாம்" என்றார் ஓட்டுநர். இதை வந்தவாசியில் ஏறும்போதே சொல்லித் தொலைத்திருக்கலாமே!

செருப்பு நிறைய மணலோடு மறுகரை ஏறினால், சாலை நெடுக நீட்டிக் கட்டிய பட்டுப் பாவு. தறியில் ஏற்றப்போகும் நீள இழைகள். கஞ்சி போட்டுக் காயவிட்டிருந்தார்கள். வழக்கமாக நெசவாளர்கள் அதைத் தங்கள் தெருவில்தான் நீட்டுவார்கள். சுற்றுவழி வண்டியெல்லாம் அந்தத் தெருவில் புகுந்துவிட்டதால், வண்டி வராத பாலத்துச் சாலைக்குக் குடிவந்துவிட்டார்கள். ஒரு முனையில் நின்றவர் சாட்சாத் நம் குமரேசனேதான்! எதிரே பாலத்துக்குக் கலவை ஏற்றி வந்த லாரி ஹாரனை அலறவிட்டது.

"யோவ், சுருட்டுய்யா! கலவை எறுகிடுச்சின்னா மொத்தமும் குப்பைதான்!" என்று கத்தினார் பாலத்து மேஸ்திரி.

"ஈரத்துல சுருட்டினா இழை ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும் மேஸ்திரி. மூணு பொடவைக்கான பாவு!"

"குமரேசன், என் புடவை?" என்றேன் நடுவில் புகுந்து.

"ஊட்ல பத்தரமா கீதுங்க. கூறைப் பொடவை, மஞ்ச தடவி நான்தான் கையால குடுக்கணும். இது காயட்டும்."

வானமோ மூடிக்கிடந்தது. எங்கே காய்வது? இரண்டு பேர் சொல்வதும் நியாயம், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லை.

கடைசியில் குமரேசனின் மனைவிதான் போட்டார் ஒரு அதட்டல்: "சுருட்ட வாணாம், அப்டியே தூக்கி ஓரமா நவுத்துங்க! சிமிட்டிக் கையக் கழுவிகினு வாங்க எல்லாரும்!"

பாலத்து ஆட்கள் கை கழுவி வந்தார்கள். பாவுக்குள் செருகியிருந்த குச்சிக்கு ஓர் ஆளாக நின்றோம். மேஸ்திரி ஒரு குச்சி, நான் ஒரு குச்சி. எல்லோரும் ஒரே சமயத்தில் பக்கவாட்டில் அடி வைக்க வேண்டும். தொய்ந்தால் குமரேசன் திட்டுகிறார், இழுத்தால் அவர் மனைவி திட்டுகிறார். காசு கொடுத்துப் புடவை வாங்க வந்தவன் நான்! லாரி உரசாமல் நகர்ந்து போனது. பிறகு பாவு காய்ந்து, மஞ்சள் தடவிப் புடவை என் கைக்கு வரும்போது மணி நாலைத் தாண்டிவிட்டது. திரும்பிய பஸ்ஸுக்குப் பெரணமல்லூரில் பஞ்சர் வேறு.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: விசேஷத்தன்று போகாதீர்கள், இரண்டு நாள் முன்னாலேயே போங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பாலம் வேலை நடந்தால் கண்டக்டர் தானாகச் சொல்லமாட்டார், கேளுங்கள்.

நான் வீடு சேர்ந்தபோது மணி ஏழு. உள்ளூர்க் கடையில் அவசரமாக எடுத்த ஏதோ ஒரு புடவையை வைத்துத் தட்டு மாற்றி முடித்திருந்தார்கள். மணப்பெண் என் கையிலிருந்ததை வாங்கிப் பிரித்து, மஞ்சள் தடவிய முனையைப் பார்த்து, "முகூர்த்தத்துக்கு இதத்தான் கட்டிப்பேன்" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அம்மா மட்டும் விடவில்லை.

"ஒரு பொடவை எடுத்தாடான்னு அனுப்பினா, பாலம் கட்டிட்டா வர்ற?"

"ஆமாம்மா" என்றேன்.