கரோலுக்குக் கும்மி

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டே உயிரை எடுப்பார்கள். ஓமானின் சோஹாரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே இடம் எங்கள் சபையின் பாட்டுக்குழுதான். அதை இழக்க எனக்கு மனமே இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

அந்த வருடம் கிறிஸ்துமஸ் கரோலுக்குக் கும்மி அடிக்கலாம் என்றேன். கீபோர்டு வாசிக்கும் குழுத்தலைவருக்கு முகம் சுருங்கியது.

"கரோலுக்குக் கும்மியா? அது அம்மன் கோயில் கொடையில அடிக்கிறதுல்லா."

"கரோலே ஆட்டந்தான் அண்ணாச்சி," என்றேன். எங்கோ படித்திருந்தேன். பல நூறு வருடங்களுக்கு முன்பு ஐரோப்பாவில் ஜனங்கள் கைகோத்து வட்டமாகச் சுற்றுவார்களாம். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, எல்லோரும் பதில் பாடுவார்களாம். அதற்குத்தான் கரோல் என்று பெயர். தேவாலய வளாகத்தில் ஆடாதீர்கள் என்று பாதிரிமார் கத்தினார்கள். ஜனங்கள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டு ஆடினார்கள். இது கும்மி இல்லாமல் வேறென்ன?

"அது வெள்ளைக்காரன் ஆடுனது. நீ ஆடுனா குழுவுல இடம் கெடையாது," என்றார்.

வெள்ளைக்காரன் ஆடினால் பக்தி, நாங்கள் ஆடினால் கூத்தா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கரோல் ஆராதனையில், பாட்டின் நடுவே, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் இறங்கினேன். தனியாகக் கும்மி அடித்தால் கொசு அடிப்பதைப் போலத்தான் இருக்கும். சிலர் சிரித்தார்கள். அவமானத்தில் காது சுட்டது. நான் நிறுத்தவில்லை.

அவர் கீபோர்டை நிறுத்தினார். பாட்டும் நின்றது. கும்மிக்கு எதற்குக் கீபோர்டு? கை இருக்கிறதே. அடுத்த அடியை நானே எடுத்தேன். பதில் பாட ஒருவரும் இல்லையென்றால் அத்தோடு என் கதை முடிந்தது.

பதில் வந்தது. குழுத்தலைவரின் மனைவி பாடியபடியே இறங்கி வந்து, எனக்கு எதிரே குனிந்து கைதட்டினார். அப்புறம் யார் யார் வந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. வட்டம் பெரிதாகப் பெரிதாக, நாற்காலிகளை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆராதனையில் (வளைகுடாவில் அன்றுதான் விடுமுறை) எனக்குக் குழுவில் இடமில்லை. சொன்னதைச் செய்துவிட்டார். வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பாட்டுத் தொடங்கும் முன் அந்த அக்கா தன் பாட்டுப்புத்தகத்தை மூடிக் கணவரின் கீபோர்டு மேல் வைத்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார்.

"தள்ளி உக்காரு பிள்ள," என்றார். "அடுத்த வருசத்துக்கு இன்னும் நாலு அடி கட்டணும்."