படையலில் வைத்த படகு மூடி

கும்மிடிப்பூண்டியில் மெஷின் ஓட்டுகிற எனக்கு ஆயுத பூஜை வந்தால் ஒரு திமிர் வந்துவிடும். கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் அடுக்கினால்தான் எனக்குப் பூஜை. போன வருஷம் அந்தத் திமிரை மச்சானின் படகு மேல் காட்டினேன்.

மச்சான் என் மனைவியின் தம்பி, எங்கள் ஊர் ஏரிக்கு அக்கரையில் மீன்பிடிக்கிறவன். அவளுக்கு ஏழாம் மாதம், மறுநாள் வளைகாப்பு. வளையல் போட்டதும் அம்மா வீட்டுக்கு அழைத்துப்போகத் தன் மோட்டார் படகை முந்தின நாளே எங்கள் கரைக்குக் கொண்டுவந்து மணலில் ஏற்றியிருந்தான். இருவரும் கழுவினோம். கழுவிய தண்ணீர் வடிவதற்குப் படகின் பின்பக்கம், அடியில் ஒரு ஓட்டை உண்டு. அதற்கு ஒரு மூடி. மூடியைக் கழற்றியவன் நான். ஸ்பேனரோடு அதையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொட்டு வைத்துப் படையலில் வைத்தேன். படையலில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நானும் தொடவில்லை.

மறுநாள் ஒரே அமளி. சோற்று அண்டாக்களையும் சீர்த்தட்டையும் படகில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மச்சான் கேட்டான்.

"மாமா, மூடி மாட்டியாச்சா?"

"எல்லாம் மாட்டியாச்சுப்பா, நீ கெளப்பு."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மாமன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவனும் குனிந்து பார்க்கவில்லை. படகில் நாங்கள் நாலு பேர்: அவன், நான், என் மனைவி, வளைகாப்புக்கு வந்திருந்த மாமியார்.

பாதி ஏரி தாண்டியிருப்போம். பின்பக்கம் உட்கார்ந்திருந்த மாமியார் காலைத் தூக்கினாள்.

"இன்னாடா இது, தண்ணி கணுக்கால் வரிக்கும் வந்துகீது?"

அடிப்பலகைக்குக் கீழே அதுவரை யாருக்கும் தெரியாமல் ஏறியிருந்தது. சட்டென்று எனக்கு மூடி ஞாபகம் வந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் எழுந்தேன். மாமியாரும் எழுந்தாள். உள்ளே இருந்த தண்ணீர் மொத்தமும் எங்கள் பக்கம் ஓடிவர, படகு சாய்ந்தது. என் மனைவி ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் விளிம்பையும் பிடித்துக்கொண்டு "அம்மா!" என்று கத்தினாள். அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியும். ஆனால் ஏழு மாத வயிற்றோடு?

"யாரும் எழுந்திரிக்காதீங்க! நடுவுல, தரையில குந்துங்க!" மச்சான் போட்ட சத்தத்தில் எல்லாரும் தண்ணீரிலேயே உட்கார்ந்தோம். படகு நிமிர்ந்தது.

"அக்கா, அப்டியே குந்திக்கினே மொள்ள முன்னால நவுரு. மாமா, அண்டாவ முன்னால தள்ளு. பின்பக்கம் கொஞ்சம் தூக்கணும்."

இன்ஜினை நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தான். "ஒரேயடியா நிறுத்துனா பின்னால வர்ற அலை மேல ஏறிக்கும்" என்றான். நான் தவழ்ந்துபோய் அடிப்பலகையைத் தூக்கி ஓட்டையைத் தேடிக் கட்டை விரலை நுழைத்தேன். விரலைச் சுற்றிப் பீய்ச்சியது. மாமியார் சீர்த்தட்டிலிருந்து பருமனான மஞ்சள் கிழங்கை எடுத்தாள், ரவிக்கைத் துணியைக் கிழித்துச் சுற்றினாள், ஓட்டையில் திணித்துத் தேங்காயால் தட்டி இறுக்கினாள். அது பிதுங்கி வராமல் நான் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு கிடந்தேன்.

பிறகு எலுமிச்சைச் சோறு ஏரிக்குப் போனது. மச்சான் ஒரு கையால் இன்ஜினைப் பிடித்திருக்க, காலி அண்டாவால் மாமியார் தண்ணீரை இறைத்தாள். என் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே, கை நிறைய வளையலோடு, சொம்பால் இறைத்தாள். "மீனுங்களுக்கும் வளைகாப்பு சாப்பாடு போட்டாச்சு" என்று அவள் சொன்னபோதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கரை தட்டியதும் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினோம். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். அப்பாடா! மணலில் அப்படியே மண்டியிட்டுவிட்டேன்.

மாமியார் மகனைப் பிடித்துக்கொண்டாள். "மூடிய பாக்காம படக எடுப்பியாடா? ரெண்டு உசுருடா!" முதுகில் ரெண்டு போட்டாள்.

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு, "மறந்துட்டேம்மா" என்றான்.

மாப்பிள்ளையை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதாம். மூன்று வருஷமாக அந்த வீட்டில் எனக்கு அதே மரியாதைதான். மாமியார் என் எதிரில் உட்கார்ந்ததுகூட இல்லை. வாங்க மாப்ளே, சாப்டுங்க மாப்ளே, அவ்வளவுதான் பேச்சு. அந்த மரியாதைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"அவன அடிக்காதீங்க அத்தே. அவன் கேட்டான். நான்தான் மாட்டிட்டேன்னு சொன்னேன். மூடி எங்க ஊட்டுப் படையல்ல கெடக்குது."

மாமியார் திரும்பினாள். "உனக்கு அறிவுகீதா? எம் பொண்ண முழுகடிக்கவா உனக்குக் கட்டிக் குடுத்தேன்? பெரிசா கம்பெனில மெஷின் ஓட்டுறானாம்!" அழுதுகொண்டே திட்டினாள், மூச்சு வாங்கும் வரை திட்டினாள். என் மனைவி தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள். அவள் திட்டத் திட்ட என் நடுக்கம் அடங்கியது.

அப்புறம்தான் ஓட்டையின் விளிம்பில் என் உள்ளங்கை கிழிந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்தாள். முந்தானையை எடுத்தாள்.

"கைய காட்டுடா" என்றாள்.

காட்டினேன்.