வண்டிக் கூரையில் நின்ற தண்ணீர்

மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் ஓடும் கார்களில் இப்போது கூரையிலும் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்து பிள்ளைகள் இடுப்புவரை வெளியே நின்று கூச்சலிட்டுக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளைகள் மேல் இல்லை. போன மழையில் என் மகனின் காரில் கூரைக் கண்ணாடி வழியாகத் தண்ணீர் இறங்கியது. தண்ணீர் வடிகிற குழாய் அடைத்திருக்கிறது என்று பட்டறையில் சொல்லி, சாயங்காலத்துக்குள் சுத்தம் செய்து கொடுத்துவிட்டார்கள். அதற்காக யாரும் யாரையும் திட்டவில்லை, யாருடைய வேலையும் போகவில்லை. எனக்கு மட்டும் இதேபோல் ஒழுகிய ஒரு பழைய வண்டி நினைவுக்கு வந்தது.

எழுபதுகளில் நான் செங்கல்பட்டில் ஒரு தரும ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். மாமல்லபுரத்தைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களுக்குப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பதற்காக, பழைய லாரி ஒன்றின் மேல் பெட்டி கட்டி ஒரு வண்டி வைத்திருந்தார்கள். நான் பார்த்து, உடம்பு மோசமாக இருப்பவர்களைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வர வேண்டும். பெண்கள் படுக்கிற இடம் என்பதால் பெட்டிக்கு ஜன்னல் கிடையாது. அதற்குப் பதிலாகக் கூரையில் ஒரு கண்ணாடிச் சட்டம். பின்கதவைச் சாத்திவிட்டாலும் வெயில் வெளிச்சம் நேராகக் கட்டிலின் மேல் விழும். வண்டியிலேயே புத்தியோடு செய்யப்பட்ட ஒரே காரியம் அதுதான். சட்டத்தைச் சுற்றி விரலகலத்துக்கு ஒரு வாய்க்கால். அதில் விழும் மழைத் தண்ணீர் நான்கு மூலைக் குழாய்கள் வழியாகச் சுவருக்குள்ளேயே இறங்கிவிடும். இரண்டு குழாய்கள் முன்சக்கரங்களுக்குப் பக்கத்திலும், இரண்டு குழாய்கள் பின்படிக்கட்டின் மேலேயும் முடியும். இதெல்லாம் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது.

வண்டியை ஓட்டியவர் அந்தக் குப்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். படகு கட்டுகிற குடும்பம். கடல் ஒத்துக்கொள்ளாமல் ஸ்டீயரிங் பிடிக்க வந்தவர். வாய் நீளம், பிடிவாதம் அதைவிட நீளம். ஆனால் அவர் ஓட்டினால்தான் குப்பத்துப் பெண்கள் வண்டியில் ஏறுவார்கள். பாதிப் பேருக்கு அவர் அண்ணன், மீதிப் பேருக்கு மாமா.

ஆஸ்பத்திரி வளாகத்தில் இருந்தது ஒரே ஒரு கொட்டகை. அதில் மானேஜரின் சொந்தக் கார் நிற்கும். மருத்துவ வண்டி வெளியே சவுக்கு மரங்களுக்கு அடியில் நிற்கும். சவுக்கின் ஊசி இலை நாள் முழுக்க உதிர்ந்து வாய்க்காலில் விழுந்து முன்பக்கக் குழாய்கள் இரண்டையும் அடைத்துவிட்டது. மொத்தத் தண்ணீரும் பின்பக்கமாகவே வந்து படிக்கட்டில் கொட்டியது. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் ஏறி இறங்குகிற படி. வழுக்கிற்று. டிரைவர் அதைப் பார்த்தார். படகுப் பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்தால் அவருடைய ஆட்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தார். தேங்காய் நாரைத் திரித்து, தாரில் தோய்த்து, படிக்கட்டின் மேலிருந்த இரண்டு குழாய் வாயிலும் திணித்து, உளி வைத்துத் தட்டினார். "பாரு சிஸ்டரு, இனிமே கடலுக்குள்ள உட்டாலும் ஒரு சொட்டு வராது" என்று பெருமையடித்துக்கொண்டார். நானும் நல்லதாயிற்று என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசி மழையில், போக வழியில்லாத தண்ணீர் வாய்க்கால் நிரம்பி உள்ளே கொட்டியது. கட்டில், மெத்தை, பஞ்சு, மருந்து எல்லாம் ஊறிப்போயின. மானேஜர் வந்து எட்டிப் பார்த்தார். வண்டிக்குள் காலைக்கூட வைக்கவில்லை. "கூரையில ஓட்டை போட்டா ஒழுகத்தான் செய்யும். கண்ணாடியை எடுத்துட்டுத் தகரம் அடிச்சுடுங்க. அதுவரைக்கும் தார்ப்பாய் கட்டுங்க" என்றார். வெளிச்சம் இல்லாமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். கதவைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் வீட்டுப் பெண்களைக் கதவைத் திறந்து வைத்துப் படுக்கச் சொல்வாரா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.

தார்ப்பாய் கட்டிய வண்டியோடு குப்பத்துக்குப் போனோம். முதலில் ஏறியவள் டிரைவரின் தங்கை மகள். தலைப்பிரசவம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. உள்ளே கும்மிருட்டு. கதவைத் திறந்தேன். எதிரிலேயே ஆண்கள் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வாணாம் சிஸ்டரு. எல்லாம் பாத்துகினு கீறாங்க" என்று புடவையை இழுத்து மூடிக்கொண்டு இறங்கிவிட்டாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே கலைந்து போனார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டேன். தார்ப்பாயை விலக்கினால் வாய்க்கால் முழுக்கத் தண்ணீர், அதில் மிதக்கிற சவுக்கு ஊசி. மூலையில் விரலை விட்டபோதுதான் ஓட்டை தட்டுப்பட்டது. அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று யோசித்தேன். இறங்கி வந்து, டிரைவர் தாரடித்த இடத்தை அவரிடமே காட்டி, ஊரே கேட்கும்படி கத்தினேன்.

"தண்ணி வர்ற ஓட்டைய அடைக்காம இன்னா பண்ணுவாங்க? வேடிக்க பாப்பாங்களா?" என்று அவரும் கத்தினார்.

"இது படகா? தண்ணி வெளியே போறதுக்காக வச்ச வழிய்யா அது!"

என்னை முறைத்துக்கொண்டே வண்டியின் பின்பக்கம் போனார். பிறகு ஸ்குரூ டிரைவரால் நாரை நோண்டி இழுத்தார். கறுப்புத் தண்ணீர் அவர் முகத்திலேயே பீச்சியடித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்குழாய்களுக்குள் சைக்கிள் பிரேக் கம்பியை மெல்ல விட்டுக் குத்தி, குத்தி, அழுகிய ஊசிகளைக் கத்தை கத்தையாக வெளியே எடுத்தார். குடம் குடமாக ஊற்றிப் பார்த்தோம். நான்கு பக்கமும் ஒழுங்காக ஓடியது. உள்ளே ஒரு துளி இல்லை. ஆனால் அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு பெண்ணைக்கூடப் பார்க்காமல் திரும்பினோம்.

மறுநாள் மானேஜரிடம் போய், குழாய்கள் அடைத்திருந்தன, இப்போது ஒழுகல் நின்றுவிட்டது, தகரம் வேண்டாம் என்றேன். அடைத்தது யார் என்றுதான் கேட்டார். நான் சவுக்கு மரத்தைக் காட்டினேன், கொட்டகையைக் காட்டினேன். அவர் காதில் விழவில்லை. ஆள் யார் என்று தெரியாவிட்டால் தகரம்தான் என்றார். டிரைவர் பின்னால் நின்றிருந்தார். "நான்தான் சார் அடச்சேன். கண்ணாடி மேல தப்பு இல்ல. அத்த எடுக்காத" என்றார். கண்ணாடி பிழைத்தது. அவரை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் போட்ட சண்டைக்கு எனக்கும் சீட்டுக் கிழியும் என்று மிரட்டல்தான் மிச்சம்.

அடுத்த முறை புது டிரைவரோடு போனேன். அந்தப் பெண் வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, கூரை வெளிச்சத்தில் அவள் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். ரத்தமே இல்லை. முகமும் வீங்கத் தொடங்கியிருந்தது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும் என்றேன்.

"எங்க மாமா எங்க சிஸ்டரு? அவரு இல்லாம நான் எப்டி அம்மாந்தூரம் வர்றது? வூட்ல வுட மாட்டாங்க."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் மாமியாரிடமும் மன்றாடினேன். முகம் தெரியாதவன் ஓட்டுகிற வண்டியில் அனுப்ப முடியாது என்பதுதான் பதில். கடைசியில் புது டிரைவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு, நானே பழைய டிரைவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். கட்டியிருந்த லுங்கியோடு வந்து ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக அந்தப் பழைய வண்டியை விரட்டினார்.

செங்கல்பட்டில் அவளை ஸ்டிரெச்சரில் இறக்கிக்கொண்டிருந்தபோதே மானேஜர் வெளியே வந்தார். உள்ளே யார், என்ன நிலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "யாரைக் கேட்டு இவன் வண்டியைத் தொட்டான்?" என்றார்.

"என்னைக் கேட்டு" என்றேன்.

டிரைவர் சாவியை அவரிடம் கொடுக்கவில்லை. என் உள்ளங்கையில் வைத்தார். "சிஸ்டரு, மரத்தடில மட்டும் வுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அவள் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. நான் அந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்வரை மானேஜரின் கார் கொட்டகையில்தான் நின்றது. ஒவ்வொரு நாள் காலையிலும் நான்தான் ஏணியில் ஏறி வாய்க்காலில் விழுந்த சவுக்கு ஊசியைப் பொறுக்கினேன்.