உபதேசியார் போக வேண்டிய வீடு

வியாழக்கிழமை மாலை அப்பாவும் நானும் ஜெபவீட்டுக் கதவுக்கு வேறு கீல் போட்டோம். பழைய இரும்புக் கீலை உப்புக்காற்று தின்றிருந்தது. லாஞ்சில் கழற்றிப் போட்ட பித்தளைக் கீல்களைத் துறைமுகப் பட்டறையில் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அங்கேதான் எனக்கு எஞ்சின் வேலை. அப்பா கதவைத் தூக்கிப் பிடித்தார். நான் திருகாணியை முடுக்கினேன்.

"கதவு சாஞ்சிருக்கே" என்றார்.

"நிலைதான் சாஞ்சிருக்கு. கதவு சரி."

"இதைப் போதகர் காதுல போட்டுடாதே. அதை வச்சே ஒரு பிரசங்கம் பண்ணிடுவார்."

கதவை மூடித் திறந்து பார்த்தார். "நாளைக்கு ஞானபாயை அழைச்சுக்கிட்டு ஜெபசெல்வி வீட்டுக்குப் போகணும். ஞாயித்துக்கிழமை நற்கருணைக்கு முன்னாடி அது முடியணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் வருவதற்குள் போய்விட்டார். அது 1947 டிசம்பர்.

அப்பாவின் பெயர் தேவபிரசாதம். தூத்துக்குடியில் லுத்தரன் சபைக்கு உபதேசியார். மாயவரம் பக்கம் பிறந்து, தரங்கம்பாடியில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தவர். தஞ்சாவூர்ப் பக்கத்து லுத்தரன் குடும்பங்கள் சில துறைமுகத்துக்கும் பஞ்சாலைக்கும் பிழைக்க வந்தபோது, அவர்களோடு இருக்கும்படி சபை அவரை அனுப்பியது. ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கிதான் ஜெபவீடு. இந்த ஊரில் கத்தோலிக்கர்களுக்குக் கோயில் உண்டு. நாசரேத், சாத்தான்குளத்து ஆங்கிலிக்கன் சபைக்காரர்களுக்கும் உண்டு. நாங்கள் ஒரு கைப்பிடி அளவுதான். அம்மா இறந்த பிறகு வீட்டில் நானும் அவரும்தான்.

போரின்போது ஜெர்மன் மிஷனரிகளை அரசாங்கம் முகாமில் அடைத்தது. மதுரையிலிருந்து போதகர் வருவதும் அரிதாயிற்று. அப்பாவே ஆராதனை நடத்தினார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொன்னார். சரக்கு விழுந்து அடிபட்டவர்களை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தார். நற்கருணையின் அப்பமும் ரசமும் கொடுக்க மட்டும் அவருக்கு அதிகாரம் இல்லை. அதற்குப் போதகர் வர வேண்டும்.

போதகர் வந்தால் சனிக்கிழமை மாலை ஜெபவீட்டில் உட்காருவார். நற்கருணை எடுக்கப் போகிறவர்கள் அவரிடம் பெயர் கொடுக்க வேண்டும். ஒருவரோடொருவர் மனத்தாங்கலில் இருப்பவர்கள் கொடுக்கக் கூடாது. அதனால் அந்த வாரம் முழுவதும் அப்பாவுக்கு ஓயாத நடை. புண்படுத்தியவரைக் கூட்டிக்கொண்டு, புண்பட்டவர் வீட்டுக்குப் போவார். போய் எதுவும் பேசமாட்டார். "எனக்குப் பேசத் தெரிஞ்சா நான் போதகராயிருப்பேனே" என்பார். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, அந்த இருவரில் ஒருவர் வாய் திறக்கும்வரை உட்கார்ந்திருப்பார்.

1947 செப்டம்பரில் நாசரேத்துக்காரர்களின் சபை உட்படப் பல சபைகள் சேர்ந்து தென்னிந்தியாவில் ஒரே திருச்சபை ஆயின. லுத்தரன் சபை சேரவில்லை. ஜெபசெல்வி அக்காவுக்கு அது தெரியாது. உப்பள வேலைக்குப் போகும் விதவை. நாசரேத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை ஸ்தோத்திர ஆராதனைக்கு அழைத்தாள். எல்லாரும் ஒன்றாகிவிட்டோம் என்று நம்பி, அக்கா அங்கே முழங்காலிட்டு நற்கருணை எடுத்தார். திரும்பி வந்து அதைத் தெருக்குழாயடியில் சந்தோஷமாகச் சொன்னார்.

"ஏளா, நாம சேரவே இல்லியே!" என்றார் ஞானபாய் அக்கா. "அங்க ஒரு பந்தி, இங்க ஒரு பந்தியா? நல்ல பசிதான் ஒனக்கு!"

குழாயடி முழுக்கச் சிரித்தது. அதன்பின் ஜெபசெல்வி அக்கா ஜெபவீட்டுப் பக்கம் வரவில்லை.

அப்பா போதகரிடம் கேட்டார். தெரியாமல் செய்தது, தடை இல்லை என்றுவிட்டார் போதகர். மிச்சம் இருந்தது மனத்தாங்கல் மட்டும். ஞானபாய் அக்கா பிடிவாதமாக இருந்துவிட்டு, கடைசியில், "அய்யா, உங்க மொகத்துக்காக வாரேன்" என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

போதகரின் ரயில் சனிக்கிழமைதான் வரும். அதுவரை உடல் தாங்காது. எங்களுக்கென்று கல்லறைத் தோட்டமும் கிடையாது. ஒன்றுசேர்ந்த சபையின் குருவானவர் தாமே வீட்டுக்கு வந்தார். "எங்க தோட்டத்துல வைங்க தம்பி. இதுக்கெல்லாம் கேக்கணுமா?" என்றார். வெள்ளிக்கிழமை மாலை அவரே அடக்கம் செய்தார். ஞானபாய் அக்கா குழியோரம் நின்று அழுதார். அந்தக் குருவானவரின் ஒவ்வொரு ஜெபத்துக்கும் உரக்க ஆமென் சொன்னார். ஜெபசெல்வி அக்கா வெளியே உடைமரத்தடியில் நின்றிருந்தார்.

சனிக்கிழமை காலை ஞானபாய் அக்கா வீட்டுக்குப் போய், அப்பா சொல்லியிருந்ததைச் சொன்னேன்.

"அய்யாவே போயிட்டாக. இனி யார் மொகத்துக்காக வர? என்னால ஏலாது தம்பி."

தனியாக ஜெபசெல்வி அக்காவிடம் போனேன். உப்பில் வெடித்த கையால் முக்காலியை எடுத்துப் போட்டார்.

"அப்பா உங்களப் பாக்க வர்றதா இருந்தாங்க. சாயங்காலம் போதகர் வாராரு. நீங்க பேர் கொடுக்கலாம்."

"ஞானபாய் வந்திருக்காளா?"

"இல்லக்கா."

"அவுக தோட்டத்துல அய்யாவ வைக்கலாம். அவுக குருவானவர் ஜெபம் பண்ணினா இவ ஆமென் சொல்லலாம். அவுக பந்தியில நான் முட்டங்கால் போட்டதுதான் சிரிப்பாப் போச்சா? அவ வந்து இதுக்குப் பதில் சொல்லட்டும். பெறகு வாரேன்."

திரும்பும் வழியில் அந்த வார்த்தைகளை ஞானபாய் அக்காவிடம் அப்படியே சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகைக் கீழே வைத்தார்.

"அவ சொல்லுறது நெசந்தானே" என்றார்.

மாலையில் போதகர் உட்கார்ந்தார். ஜெபசெல்வி அக்கா வரவில்லை. ஞானபாய் அக்காவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஞானபாய் அக்கா மட்டும் வந்தார். எல்லாரும் நற்கருணைக்கு எழுந்து போனபோது, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தார். அவர் எழாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் என்னை நிறுத்தினார்.

"தம்பி, நான் அவ வீட்டுக்குப் போனா நீங்க கூட வருவீகளா? ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா வந்தாப் போதும்."

வருகிறேன் என்றேன். எப்போது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போதகர் இனி ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில்தான் வருவார். இரண்டு வீடும் ஒரே தெரு. அப்பா வெள்ளிக்கிழமை போக வேண்டிய வீட்டுக்கு ஞானபாய் அக்காவும் நானும் இன்னும் போகவில்லை.